இருட்டு ஹாலும் வெள்ளை ஜன்னலும்

பெரியம்மாவின் வீட்டை விற்பது என்று முடிவானதும் புரோக்கர் வந்து செல்போனில் பத்துப் படங்கள் எடுத்துப் போனார். சாயங்காலம் அவை வாட்ஸ்அப்பில் வந்தன. நாங்கள் ஓடி விளையாடிய ஹால் குகை மாதிரி இருந்தது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம். வெளியே நிற்கும் மாமரத்தைக் காணோம். சுவர்கள் மேலே போகப்போக உட்பக்கமாகச் சாய்ந்திருந்தன. பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “இது நம்ம வீடே இல்லையேடா” என்றார்.

அவர் சொன்னது சரி. கேமரா நம் கண்ணைப் போலப் பார்ப்பதில்லை. ஏனோதானோவென்று எடுத்த படம் நல்ல வீட்டைப் பற்றிக்கூடப் பொய் சொல்லிவிடும். அந்தப் பொய்யைத் திருத்துகிற தொழில்தான் வீட்டுப் புகைப்படக்கலை.

முதல் சிக்கல் வெளிச்சம். உச்சி வெயிலில் வெளியே ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் அறை மூலையில் 100, 200 லக்ஸ் இருந்தாலே அதிகம். நம் கண் ஜன்னலைப் பார்க்கும்போது பாவையைச் சுருக்கும். மூலையைப் பார்க்கும்போது விரிக்கும். மூளை இரண்டையும் ஒட்டி ஒரே காட்சியாகத் தந்துவிடும். கேமராவுக்கு ஒரு படத்துக்கு ஒரே அளவு ஒளிதான். மரத்துக்கு ஏற்றபடி வைத்தால் அறை இருண்டுபோகும். அறைக்கு ஏற்றபடி வைத்தால் மரம் வெளுத்துப்போகும்.

அதனால் தொழில்முறைக் கலைஞர்கள் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அசைக்காமல் மூன்று படங்கள் எடுக்கிறார்கள்: ஜன்னலுக்கு ஒன்று, இருண்ட மூலைக்கு ஒன்று, நடுவாக ஒன்று. பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள். செல்போனில் ‘எச்டிஆர்’ என்று இருப்பது இதே வேலையைத்தான் நொடியில் செய்கிறது.

படங்களைக் கணினியில் சேர்க்க முடியாத காலத்திலும் இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. 1960-இல் ஜூலியஸ் ஷுல்மன் என்ற புகைப்படக் கலைஞர், லாஸ் ஏஞ்சலஸில் பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை இரவில் படம் எடுத்தார். கீழே நகரத்தின் விளக்குகள் புள்ளி புள்ளியாக மங்கித் தெரிந்தன. வீட்டுக்குள் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, நகர விளக்குகள் பதிவதற்காக ஷட்டரைப் பல நிமிடங்கள் திறந்து வைத்தார். அதன்பின் ஃபிளாஷ் அடித்து, உள்ளே அமர்ந்திருந்த இரண்டு பெண்களையும் அறையையும் அதே ஃபிலிமில் பதித்தார். கட்டடப் புகைப்படங்களில் உலகப் புகழ் பெற்றவற்றில் அதுவும் ஒன்று.

அடுத்தது நேர்கோடு. உத்தரம் வரை காட்ட நினைத்து கேமராவைச் சற்று மேலே தூக்கினால் போதும், சுவர்கள் கோபுரம் போலக் குவிய ஆரம்பிக்கும். கேமராவை நெஞ்சுயரத்தில், நாலு முதல் ஐந்தடிக்குள், மட்டமாகப் பிடித்தால் சுவர் நேராக நிற்கும். சமையலறையில் மேடைக்குச் சற்று மேலே பிடித்தால் மேடையின் மேல்பரப்பு தெரியும். போன் திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்து, கதவு நிலையை அந்தக் கோட்டோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது அகலம். இங்கேதான் கை கூசாமல் தப்பு நடக்கிறது. போனில் 0.5 என்று காட்டும் லென்ஸ் சுமார் 13 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். அதைக்கொண்டு வாசலில் நின்று எடுத்தால், அருகிலிருக்கும் பொருள் பெரிதாகவும் எதிர்ச்சுவர் எங்கோ தொலைவிலும் தெரியும். பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் ஆகிவிடும். ஓரத்தில் இருக்கும் நாற்காலி இழுத்துவிட்டது போல நீளும். வீட்டுப் படங்களுக்கு 16 முதல் 24 மில்லிமீட்டர் வரை வழக்கம். போனின் சாதாரண லென்ஸே ஏறத்தாழ 24, 26 மில்லிமீட்டர்தான். மூலையில் முதுகை ஒட்டி நின்றால் பெரும்பாலான அறைகளுக்கு அது போதும்.

நான்காவது நிறம். டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளை, சுமார் 6500 கெல்வின். மஞ்சள் எல்இடி பல்பு 2700, 3000 கெல்வின். இரண்டும் எரிய, ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்தால் ஒரே சுவர் திட்டுத்திட்டாக மூன்று நிறம் காட்டும். பகலில் விளக்குகளை அணைத்துவிட்டுத் திரையை விலக்குங்கள். கிழக்குப் பார்த்த வீட்டின் முகப்பைக் காலையிலும், மேற்குப் பார்த்ததை மாலையிலும் எடுங்கள். சூரியன் மறைந்த பதினைந்து, இருபது நிமிடங்களில் வானத்தின் நீலமும் வீட்டு விளக்கும் ஒன்றுக்கொன்று சமமாகும். முகப்புக்கு அதைவிட அழகான நேரம் இல்லை.

எடுப்பதற்கு முன் கதவில் தொங்கும் துண்டு, போன வருஷத்துக் காலண்டர், மேடையில் குவிந்த பாத்திரம் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். குழந்தைகளின் போட்டோ, சாவிக் கொத்து, பெயரும் முகவரியும் தெரியும் காகிதம் எதுவும் படத்தில் வரக்கூடாது. முன்பின் தெரியாதவர்கள் கைக்கெல்லாம் போகப்போகிற படம் அது.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் ஊரில் வீடு தேடும்போது முதலில் படம் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். அதனால் படம் வீட்டை மறைக்கவும் கூடாது, மிகைப்படுத்தவும் கூடாது. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. சொந்த வீட்டை விற்பவரும் அதே நேர்மையைக் காட்டுவதுதான் முறை. வாசலில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் படத்தில் அழித்துவிடலாம். பார்க்க வருகிறவர் காரை நிறுத்துவது அதன் அடியில்தானே!

மறுநாள் மத்தியானம், ஜன்னலில் நேர்வெயில் விழாத நேரம் பார்த்து, முக்காலியோடு நானே உட்கார்ந்து எடுத்தேன். இந்த முறை சிவப்பு ஆக்சைடு தரையின் மினுமினுப்பு தெரிந்தது. கம்பிகளுக்கு அப்பால் மாமரம் பச்சையாக நின்றது. மூலையில் ஓதம் ஏறிய கறையும் அப்படியே விழுந்திருந்தது. “கம்ப்யூட்டர்ல எடுத்துடட்டுமா பெரியம்மா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்டா. வாங்கறவங்க வந்து பார்க்கத்தானே போறாங்க. இப்பவே தெரியட்டும்” என்றார்.