ஐரோப்பிய நீர் ஈக்களும் அவற்றின் பெயர்களும்

ஈ என்றவுடன் மாட்டுத் தொழுவத்தில் மொய்ப்பதே நம் நினைவிற்கு வரும். அதற்குச் சிறகு இரண்டே. ஐரோப்பாவில் ஆற்றிலும் ஓடையிலும் நீருக்குள் வளர்ந்து, பின்னர்ச் சிறகு பெற்று வெளிவரும் பூச்சிகள் பலவற்றையும் அத்தேசத்தார் பேச்சுவழக்கில் ஈ என்றே கூறுகின்றனர். அவற்றுள் மேஈ, கல்ஈ, காடிஸ் ஈ என்னும் மூவகைக்கும் பெரும்பாலும் சிறகு நான்கு. ஆதலின் சாஸ்திரப்படி அவை ஈக்களல்ல.

மேஈ உட்காருங்கால் சிறகுகளை முதுகின்மேல் நிமிர்த்தி வைக்கும். வாலில் இரண்டு அல்லது மூன்று நீண்ட இழைகள் உண்டு. கல்ஈ சிறகுகளை முதுகோடு படிய மடக்கும். காடிஸ் ஈயின் சிறகுகள் மயிர் படர்ந்து கூரைபோற் சாய்ந்திருக்கும். சுவீடன் தேசத்து லின்னேயஸ் பண்டிதர் 1758-ல் இம்மூன்றையும் தும்பியோடு ஒரே வகுப்பில் அடக்கினார். காடிஸ் 1813-லும், கல்ஈ 1839-லும் தனி வகுப்புகளாயின.

ஒவ்வோர் இனத்திற்கும் இரு சொற்களாலான பெயர் உண்டு. முதற்சொல் ஜாதியையும் இரண்டும் சேர்ந்து இனத்தையும் குறிக்கும். எபிமெரா வல்காட்டா என்பதற்குச் ‘சாதாரணமானது’ என்று பொருள். எபிமெரா டானிக்கா என்பதற்கு ‘டென்மார்க்குக்குரியது’ என்று பொருள். ஆயினும் பிரிட்டனில் மிகுதியாகக் காணப்படுவது டானிக்காவே! பெயர் அடையாளமேயன்றி வர்ணனையன்று. இந்த டானிக்கா நீரினின்று வெளிவந்தபோது மங்கிய சிறகுடையது. மீண்டும் ஒருமுறை தோலுரித்த பின்னர்ச் சிறகு பளபளக்கும். தூண்டிற்காரர் முன்னதைப் பச்சை டிரேக் என்றும், முட்டையிட்டு ஓய்ந்ததை வேறு பெயராலும் வழங்குவர். ஒரே நிலத்தைத் தகப்பன் ஒரு பெயராலும் மகன் வேறொரு பெயராலும் வழங்கினும், கிராமக் கணக்கில் சர்வே நம்பர் ஒன்றே அன்றோ?

இதனாற் குடியானவருக்கு என்ன என்று வினவலாம். பிரிட்டனில் நீரின் தூய்மையை அதில் வாழும் பூச்சிகளின் குடும்பங்களைக் கொண்டு மதிப்பிடும் முறை 1970-க்குப் பின் ஏற்பட்டது. அம்முறையில் எபிமெராவின் குடும்பத்திற்கு மதிப்பெண் 10; மேஈயிலேயே பீட்டிஸ் குடும்பத்திற்கு 4; கைரோனமஸ் கொசுவின் குடும்பத்திற்கு 2. எல்லாவற்றையும் மேஈ என்று மட்டும் எழுதிவிட்டால் கணக்குப் பிழையாகும்.

சாணக் கழிவும் சாக்கடையும் ஓடையிற் கலந்தால் பிராணவாயு குறைந்து, மேஈயும் கல்ஈயும் அருகும். மண்புழு இனமும் கைரோனமஸ் புழுவும் பெருகும். ஆடுகளை மருந்து நீரில் முக்கும் தொட்டியினின்று சைபர்மெத்ரின் வழிந்தாலோ, பூச்சிகள் யாவும் மடிய, நத்தையும் புழுவும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆகவே எவை மாண்டன, எவை எஞ்சின என்று பெயர் பெயராக அறிந்தாலன்றி, மேற்கரைத் தொழுவத்தான்மீது வீண்பழி சுமத்தவும் கூடும். இத்தகைய சேதங்களையொட்டி அந்த ஆட்டு மருந்தின் விற்பனை பிரிட்டனில் 2006-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2010-ல் உரிமமும் நீக்கப்பட்டது.

எளிதில் இனங்காண முடியாதவையும் உண்டு. பீட்டிஸ் ரோடானி என ஒரே பெயரால் வழங்கியதனுள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருப்பதை 2006-ல் மரபணுச் சோதனை காட்டியது. இளம்பூச்சி சாராயத்தில் இட்ட நிலையில் கிடைப்பின், செவுள்களைப் பூதக்கண்ணாடியாற் பார்த்து ஜாதியை அறியலாம். இனம் துணியப்படாவிடின் ஜாதிப்பெயரோடு நிறுத்திவிடுவதே அங்குள்ள வழக்கம்.