ஆங்கிலம் பயிற்றும் முறைகளும் அவை பிறந்த வகுப்புக்களும்

ஆங்கிலத்தை அயன்மொழியாகப் பயிற்றும் முறைகள் பல. இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, வாசிப்பு முறை, அமைப்பு முறை, தொடர்பாடல் முறை என அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒவ்வொன்றும் தோன்றியபொழுது தனக்கு முன்னையதைப் பழமை என்று ஒதுக்கிற்று. பின்னர்த் தானும் அவ்வாறே ஒதுக்கப்பட்டது. இவ்வரலாற்றை எழுதுவோர் ஒரு முறையின் கொள்கையை விளக்கி, அதன் குணங் குற்றங்களை ஆராய்வதோடு பெரும்பாலும் அமைந்துவிடுவர். அம்முறை எவ்வகுப்பிற் பிறந்தது, அங்கே இருந்து கற்றோர் யாவர், எத்தனை ஆண்டு கற்றனர், யாது கருதிக் கற்றனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. நன்னூலார் நூல், அதனைச் சொல்வோன், சொல்லும் முறை, கேட்போன், கேட்கும் முறை என ஐந்தனையும் வேறுவேறாக வைத்துப் பொதுப்பாயிரத்தில் இலக்கணங் கூறினார். மேனாட்டு மொழிக்கல்வி நூல்களுட் பல சொல்லும் முறை ஒன்றனையே பெரிதும் பேசிக் கேட்போனை மறந்தன. ஓரிடத்து நன்கு பயன்பட்ட முறை பிறிதோரிடத்துப் பயனற்றுப் போனமைக்கு இம்மறதி ஒரு முக்கிய காரணமாகும்.

இலக்கண மொழிபெயர்ப்பு முறை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யேர்மனியிலே, சிறப்பாகப் பிரசியாவின் பாடசாலைகளிலே உருப்பெற்றது. அதற்கு முன்னர் அயன்மொழி கற்றோர் இலத்தீனை முன்பே கற்ற அறிஞர். இலக்கண நூலையும் அகராதியையும் துணைக்கொண்டு தாமே வாசிக்க வல்லவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவ்வழி கடினமாயிற்று. எனவே விதியொன்று, அதற்கு எடுத்துக்காட்டாகச் சில வாக்கியங்கள், அவற்றை இருமொழியிலும் மாற்றும் பயிற்சி எனப் பாடம் சிறு சிறு கூறாக வகுக்கப்பட்டது. ஆகவே இன்று கடினமென்று பழிக்கப்படும் இம்முறை, பிறந்தகாலத்தில் எளிமை கருதியே பிறந்தது. எவரும் எக்காலத்தும் பேசாத வாக்கியங்கள் அதிற் பெருகின என்பது உண்மையே. ஆயினும் ஐம்பது பிள்ளைகள் நெருங்கியிருக்கும் வகுப்பிலே, சரளமாகப் பேசமாட்டாத ஆசிரியர் ஒருவரும் கையாளத்தக்கதாய் அது இருந்தமையை அதனைப் பழித்தோர் எண்ணிப் பார்க்கவில்லை.

இதனை எதிர்த்தெழுந்த கிளர்ச்சிக்கு 1882ஆம் ஆண்டு ஒரு தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. வில்கெல்ம் வியேற்றர் என்னும் யேர்மானிய ஒலியியலறிஞர், மொழிக்கல்வி திசைதிரும்ப வேண்டும் என வற்புறுத்திப் புனைபெயரில் ஒரு சிறு நூலை அவ்வாண்டில் வெளியிட்டார். எழுத்துக்கு முன் பேச்சு, தனிச் சொல்லுக்கு முன் தொடர்ந்த உரை என்பன அவர் வழிவந்தோர் கொள்கைகள். இவர்கள் தாய்மொழியை முற்றாக விலக்கியோர் அல்லர். அதனை அறவே விலக்கியது வேறோரிடத்துப் பிறந்த வழக்கமாகும். மக்சிமிலியன் பேர்லிற்ஸ் என்பவர் ஐக்கிய அமெரிக்காவின் புறொவிடென்ஸ் நகரிலே 1878ஆம் ஆண்டில் மொழிப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பள்ளி பின்னர்ப் பல கிளைகளாகப் பரந்தது. அங்கே கற்றோர் பணங்கொடுத்துத் தாமே விரும்பி வந்த வளர்ந்தோர்; வகுப்புச் சிறியது; ஆசிரியர் கற்பிக்கும் மொழியைத் தாய்மொழியாக உடையவர். ஆங்கிலம் கற்க வந்த குடியேற்றவாசிகளோ பல மொழியினர். ஒரு வகுப்பிலே போலந்து மொழியினரும் இத்தாலிய மொழியினரும் கலந்திருப்பின் எம்மொழியிற் பொருள் கூறுவது? ஆகவே பொருளைக் காட்டியும் நடித்தும் உணர்த்துவதன்றி வேறு வழி அங்கிருக்கவில்லை.

தேவையினால் வந்த இவ்வழக்கம் பின்னர்க் கொள்கையாக உயர்ந்தது. ஒரே தாய்மொழியையுடைய நாற்பது பிள்ளைகளும் அதே மொழியையுடைய ஆசிரியரும் இருக்கும் வகுப்புக்கும் அது விதியாகச் சென்றது. பென்சிலையும் மேசையையும் காட்டலாம். நடத்தலையும் ஓடலையும் நடித்துக் காட்டலாம். ‘அல்தோ’ என்னும் இடைச்சொல்லை எவ்வாறு நடிப்பது? ‘ஆயினும்’ என ஒரு சொல்லில் முடியும் காரியத்துக்குப் பாடவேளையிற் காற்பங்கு கழிய, பிள்ளைகளோ அந்நடிப்பிலிருந்து தத்தமக்குத் தோன்றிய தமிழ்ச்சொல்லை மனத்துள் அமைத்துக்கொள்வர். வாயில் விலக்கப்பட்ட மொழிபெயர்ப்பு மனத்தில் நிகழ்கின்றது. பிழையாக நிகழினும் ஆசிரியர் அறியார். பேர்லிற்ஸ் பள்ளியொன்றிற் கற்பித்து அனுபவம் பெற்ற ஹறோல்ட் பாமர் என்பாரே, 1917ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், மொழிபெயர்ப்பை முற்றாக விலக்குதல் பொருந்தாது என வாதிட்டமை கருதத்தக்கது.

கற்போனையும் அவன் சூழலையும் முதற்கண் வைத்து இவ்வினாவை ஆராய்ந்தவருள் மைக்கல் வெஸ்ற் தலையாயவர். இவர் இந்தியக் கல்விச் சேவையிற் சேர்ந்து வங்காளத்திலே பணியாற்றியவர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். வங்காளத்தின் இருமொழி நிலைபற்றிய அவரது ஆராய்ச்சி நூல் 1926ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வங்காளச் சிறுவனுக்கு ஆங்கிலம் எதற்கு வேண்டும் என்பதே அவர் முதலில் எழுப்பிய வினா. கிராமத்தில் அவனோடு ஆங்கிலம் பேசுவோர் எவருமில்லை. ஆயின் அக்காலத்தில் தன்மொழியிற் போதியவாறு கிடையாத பலதுறை அறிவை வாசித்தறிய அவனுக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆகவே வாசிக்கும் ஆற்றலே முதலில் வரவேண்டும் என அவர் முடிவுசெய்தார்.

இம்முடிபுக்கு அவர் காட்டிய மற்றொரு காரணமே மிக ஆழமானது. பாடசாலையிற் சேரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் இறுதி வகுப்பை எட்டுவதில்லை, இடையிலே நின்றுவிடுகின்றனர். காப்புறுதி செய்தவன் ஒருவன் தவணைப்பணத்தை இடையில் நிறுத்திவிடின், அதுவரை கட்டியதற்காக அவனுக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் தொகை ஒன்றுண்டு. அக்கணக்கை வெஸ்ற் கல்விக்கும் இட்டுப்பார்த்தார். இரண்டாண்டோ மூன்றாண்டோ கற்று நின்றுவிடும் பிள்ளை கைக்கொண்டு போவது யாது? எட்டாண்டு முடியில் முழுப்பயனும் முடியாவிடின் வெறுங்கையும் தருகின்ற பாடத்திட்டம், இடையில் நிற்போர் பலராகவுள்ள நாட்டுக்கு ஏற்றதன்று. சிறிது பேசக் கற்று நின்றவன் பேசுதற்கு ஆளின்றி மறந்துவிடுவான். சிறிது இலக்கணங் கற்று நின்றவனிடம் சில விதிகள் மட்டும் எஞ்சும். எளிய நூலொன்றை வாசிக்கக் கற்று நின்றவனோ, நூல் கிடைக்குமாயின், ஆசிரியரின்றியே மேலுஞ் செல்லலாம். கல்விச்செலவைக் கணக்கிட்டோர் பலர்; இடைநின்ற பிள்ளையின் பக்கத்திலிருந்து கணக்கிட்டவர் சிலரே.

எளிய நூல் என்பது எளிதிற் கிடைத்ததன்று. அக்காலத்து வாசகப் புத்தகங்களை ஆராய்ந்த வெஸ்ற், அவற்றிற் புதிய சொற்கள் மிக நெருங்கி வருதலையும், அவற்றுட் பல வழக்கருகிய இலக்கியச் சொற்களாயிருத்தலையும் கண்டார். பிள்ளை ஒரு சொல்லைக் கடந்து மூச்செடுக்குமுன் மற்றொன்று தடுக்கின்றது. எனவே மிகுதியாக வழங்கும் சொற்களைத் தெரிந்து, புதுச்சொல்லொன்று வந்தபின் பழகிய சொற்களாலான நீண்ட பகுதி தொடருமாறும், அப்புதுச்சொல் மீண்டும் மீண்டும் வருமாறும் புதிய வாசகங்களை அமைத்தார். அவர் பதிப்பித்து 1953ஆம் ஆண்டில் வெளிவந்த ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுப்பயன் சொற்பட்டியல் இவ்வுழைப்பின் தொடர்ச்சியாகும். ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எத்துணை மிகுதியாக வழங்குகின்றது என்பதையும் அது காட்டிற்று. சொல்லை மட்டுமன்றிச் சொற்பொருளையும் அளவிட்டுக் கற்பிக்க வேண்டும் என்பது இதன் கருத்து. நிகண்டை மனனஞ்செய்து சொல்வளம் பெருக்கிய தமிழ்மரபில் வந்தோர்க்கு இது முற்றும் மாறான வழியாகத் தோன்றலாம். ஆயினும் நிகண்டு கற்றவன் அம்மொழியிலேயே வாழ்ந்தவன் என்பதை மறத்தலாகாது.

வெஸ்ற் கூறியன எல்லாம் தடையின்றி ஏற்கப்பட்டன அல்ல. பேச்சே மொழிக்கு அடிப்படை. அதனைப் பின்போடுதல் தகாது என்றனர் பாமர் வழியினர். 1922 முதல் 1936 வரை யப்பானிலிருந்து பணியாற்றிய பாமர், பேச்சுப் பயிற்சியையும் வாக்கிய அமைப்புக்களையும் முதன்மையாகக் கொண்டவர். ஆயினும் சொல்லாட்சியை வரையறுக்கும் முயற்சியில் இருவரும் சேர்ந்து உழைத்தனர்.

வாக்கிய அமைப்புக்களை ஒழுங்காக நிரைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் வழக்கமாக்குதல் அமைப்பு முறையாகும். ஐக்கிய அமெரிக்காவிலே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினர்க்கு அயன்மொழிகளை விரைந்து கற்பித்த திட்டமும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் பிறீஸ் நடத்திய ஆராய்ச்சியும் வேறொரு வழியால் இத்தகைய பயிற்சிக்கே வந்தன. சென்னை இராச்சியத்திலே 1950களின் இறுதியிலிருந்து, பயிற்சி பெற்றோர் பிறர்க்குப் பயிற்சி கொடுக்க, அவர் இன்னும் பலர்க்குக் கொடுக்க, இம்முறை பல்லாயிரம் ஆசிரியரிடம் சென்றது. மொழி என்பது திரும்பத் திரும்பச் செய்தலால் அமையும் வழக்கமே என்னும் இதன் உளவியல் அடிப்படையை 1959ஆம் ஆண்டில் நோம் சொம்ஸ்கி வன்மையாகத் தாக்கினார். முன்னொருபோதும் கேளாத வாக்கியத்தையும் மனிதர் ஆக்குகின்றனரே, அது எவ்வழக்கத்தால் என்பது அத்தாக்குதலின் சாரம்.

எனினும் இக்காலத்து ஆராய்ச்சியிலே நிலையான பயனொன்றும் விளைந்தது. றொபேட் லாடோ 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், கற்போனின் மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டு இடர்ப்பாடுகளை முன்னறியும் வழியைக் காட்டிற்று. ஆங்கிலத்தில் ‘ஏ’, ‘த’ என்னும் சுட்டிடைச் சொற்கள் தமிழர்க்கு இடர் விளைப்பன. தமிழில் இவை இல்லை என்று கூறி, விதிகள் பலவற்றை மனனஞ்செய்விப்பது வழக்கம். ஆனால் ‘புத்தகம் வாங்கினான்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ப்பிள்ளை அறியும். முன்னையது ஏதோவொரு புத்தகம். பின்னையது கேட்போனுக்கும் தெரிந்த புத்தகம். அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமையுருபு தொக்கும் விரிந்தும் வருதலாற் பெறப்படும் இப்பொருளே ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களாற் பெரும்பாலும் பெறப்படுகின்றது. அவ்வாறே ‘எனக்குப் பசிக்கின்றது’ என்பதில் நான்காம் வேற்றுமையில் நிற்பவன், ‘ஐ ஆம் ஹங்கிரி’ என்பதில் எழுவாயாகின்றான். இதனைக் காட்டுவதற்கு ஆசிரியர் தமிழ் இலக்கணத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கில நாட்டிலிருந்து வரும் ஆசிரியரிடம் எதிர்பார்க்கவியலாத வலிமை இது. நேர்முறையோ இதனைக் குறையென்றே கொண்டது.

1970கள் முதல் பரவிய தொடர்பாடல் முறை, மொழியை எவரிடம், எவ்விடத்து, எப்பயன் கருதி வழங்குவது என்பதை முன்வைத்தது. அதற்கு வழிகாட்டிய ஐரோப்பியத் திட்டங்கள், ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குத் தொழிலுக்கும் பிரயாணத்துக்கும் செல்லும் வளர்ந்தோரைக் கருதி எழுந்தவை. உணவுச்சாலையில் உணவு கேட்கும் பாடம் அவர்க்கு மறுநாளே பயன்படும். அத்தகைய உணவுச்சாலையைக் காணாத பிள்ளைக்கு அது மற்றொரு மனனப் பாடமே. தென்னிந்தியாவில் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் சில பாடசாலைகளில் நடத்திய சோதனை இதினும் பொருத்தமானது. புகைவண்டி நேரசூசியை ஆராய்தல், நிலப்படத்தில் வழி காணுதல் முதலிய சிந்தனைக்குரிய வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, இலக்கணத்தை வெளிப்படையாகக் கற்பியாது விடுத்தார். பிள்ளையின் கருத்து வேலையிலே செல்ல, மொழி அதனூடே அமையும் என்பது அவர் எண்ணம்.

இவ்வெண்ணத்துக்கு யாழ்ப்பாணத்திலே பழைய சான்றொன்றுண்டு. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவி, 1855ஆம் ஆண்டில் மூடப்பட்ட செமினரியில் மாணவர் தங்கியிருந்து கற்றனர். கணிதம், வானசாத்திரம் முதலியவற்றை ஆங்கிலத்திற் கற்றனர். ஆங்கிலம் அங்கே பாடமாக இருந்ததினும் பாடங்களுக்கு வாயிலாக இருந்ததே பெரிது. பின்வந்த ஆங்கிலப் பாடசாலைகளிலும் இந்நிலை நீடித்தது. 1945ஆம் ஆண்டு முதல் தொடக்க வகுப்புக்களிலும், 1950களில் மேல்வகுப்புக்களிலும் தாய்மொழி போதனாமொழியாக, ஆங்கிலம் வாரத்திற் சில பாடவேளைகளுக்குச் சுருங்கிற்று. தாய்மொழிக் கல்வி நியாயமானது; நெடுங்காலம் மறுக்கப்பட்டது. ஆனால் ஆங்கிலவழியே எல்லாவற்றையுங் கற்றுத் தேர்ந்த ஆசிரியர், வாரத்திற் சில மணிநேரம் மட்டும் அம்மொழியைக் கேட்கும் பிள்ளைகளுக்குத் தாம் கற்றவாறே கற்பிக்க முற்பட்டமை இயல்பாயினும் பொருத்தமன்று. அயன்மொழி என்னும் பெயருக்குரிய பிரச்சினை அப்பொழுதுதான் பெரும்பாலான பாடசாலைகளிலே தொடங்கிற்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அங்கே அமெரிக்கப் பாடநூலொன்றைக் கொண்டு ஆங்கிலங் கற்ற முதலாண்டு மாணவரை ஆராய்ந்து, 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் அதனை விரித்துரைத்தார். மாணவர் உரையாடற் பயிற்சிகளில் ஊக்கமின்றியிருந்தனர். இலக்கணத்தையும் பரீட்சைக்குரிய குறிப்புக்களையும் வேண்டினர். பாடநூலின் ஓரங்களிலே தமக்குரிய வேறொரு உலகத்தை எழுதியும் வரைந்தும் வைத்தனர். அந்நியப் பண்பாட்டுக்கு மாணவர் காட்டிய எதிர்ப்பை அவர் இதிற் கண்டார். வெஸ்ற் இட்ட கணக்கையும் இங்கே சேர்த்துக் காணலாம்: போர்க்காலத்தில், எப்பொழுது வகுப்பு நின்றுபோகும் என்பது தெரியாத நிலையில், மாணவர் உடன் கைக்கொள்ளக்கூடிய பயனையே நாடினர். யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புக்களிலே தமிழ் வழங்குமாற்றையும் அவர் தனியே ஆராய்ந்தார். வகுப்பை ஒழுங்குசெய்தற்கும், அரிய பொருளை விளக்குதற்கும், மாணவருக்கு ஊக்கமூட்டுதற்கும் ஆசிரியர் தமிழை நாடினர். பயிற்சிக் கல்லூரிகளிற் கற்ற விதிக்கு அது மாறாயிருப்பினும், பாடம் அதனாலே முன்சென்றது.