வலியறியாத கைகளும் கால்களும்



கிரியை இல்லாத விசுவாசத்தை யாக்கோபின் நிருபம் உயிரற்றதாகவே கருதுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நாம் கேட்கும் இந்தப் போதனை, திங்கட்கிழமை காலையில் என்ன வடிவம் எடுக்கும்? ஒரு மருத்துவரின் வாழ்வில் அது செருப்பாகவும், ஒரு சமயம் பூனையாகவும் வடிவெடுத்தது.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ஆம் ஆண்டில் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-இல் தந்தை மலையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். மகன் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகி, அதன் பின்னரே மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. அப்படியானால் கை செத்துவிடவில்லை அல்லவா? தொழுநோய்க் கிருமி, தோலுக்கு அருகே குளிர்ச்சியாக உள்ள இடங்களில் செல்லும் நரம்புகளையே பெரிதும் கெடுக்கிறது. அதனால் கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. முன்கையின் தசைகள் பல நன்றாகவே இருக்கின்றன. அந்த நல்ல தசைநார் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தினால் மடங்கிய விரல் நிமிரும். பிராண்ட் அதைச் செய்தும் காட்டினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், திறமையான அறுவை மருத்துவர் ஒருவரைப் பற்றிய செய்தியாக மட்டுமே இருந்திருக்கும். குணமாகிச் சென்ற சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். நிமிர்ந்த கையைக் கண்டு எவரும் பிச்சை போடுவதில்லை. தொழுநோயாளி என்பதால் எவரும் வேலையும் தருவதில்லை. சிகிச்சையே அவர்கள் பிழைப்பைப் பறித்துவிட்டது! ஆகவே கல்லூரி வளாகத்திலேயே 'புதுவாழ்வு நிலையம்' என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. தச்சு வேலை அங்கே கற்பிக்கப்பட்டது. இளமையில் பழகிய தொழில் வீண்போகவில்லை.

நம் கருத்தில், உண்மையான ஊழியம் இங்கேதான் தொடங்கிற்று. நோயால் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்று அந்நாளில் மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். இறுகிய பூட்டில் சாவியைத் திருகியதில் ஒரு காயம். அடுப்பிலிருந்து சட்டியைத் தூக்கியதில் ஒரு கொப்புளம். வலி தெரியாததால் கை விலகவில்லை. காலையில் எழும்போது சிலருக்கு விரலின் ஒரு பகுதியே காணாமற் போயிருந்தது. இரவில் காவலிருந்து பார்த்தபோது, உணர்வற்ற விரல்களை எலி கடிப்பது தெரிந்தது. அதற்குப் பூனை வளர்த்தார்கள். கால் புண்ணுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு செய்து பார்த்தார்கள். அளவு சரியில்லை என்றால் மறுபடியும் செய்தார்கள். நாள்தோறும் கையையும் காலையும் பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். பத்திரிகைகள் புகழும் வேலையும் அன்று.

இன்று தொழுநோய்க்கு நல்ல கூட்டு மருந்து உண்டு. 1930-இல் திறக்கப்பட்ட நம் சுங்கை பூலோ குடியிருப்பின் தனிமைச் சுவர்களும் பழங்கதையாகிவிட்டன. ஆனால் வலியறியாத கால்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. நீரிழிவு நோயும் கால் நரம்புகளைக் கெடுக்கும். பிராண்ட் 1966-இல் அமெரிக்கா சென்ற பின், தொழுநோயில் கற்றதை நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காக்கவும் பயன்படுத்தினார்.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவினார் என்பதை நாம் அறிவோம். அப்பாவுக்கோ மாமியாருக்கோ நீரிழிவு இருந்தால், குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க அவர்களால் முடியாமல் இருக்கலாம். நாம் பார்க்கலாம். மாலையில் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். நீரின் சூட்டை நம் கையால் சோதிக்க வேண்டும்; அவர்கள் கால் அதைச் சொல்லாது. சிவப்பு, கொப்புளம், வெடிப்பு ஏதேனும் தென்பட்டால், வலிக்கவில்லை என்று அவர்கள் சொன்னாலும் மறுநாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். செருப்பை மாட்டிவிடுமுன் உள்ளே கல், ஆணி ஏதும் கிடக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட வேண்டும்.