சன்னம் கூறும் சாட்சி

மனிதருக்கு மனிதர் கைரேகை வேறுபடுதல் போலத் துப்பாக்கிக்கும் ஒரு ரேகை உண்டு என்றால் வாசகர் வியப்படையக்கூடும். சன்னம் சுழன்று நேரே செல்லும் பொருட்டுக் குழலின் உட்புறத்திற் சுருள் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றினூடே விரையும் சன்னத்தில் அவ்வரிகள் பதிகின்றன. அக்குழலுக்கே உரிய நுண்ணிய கீறல்களும் விழுகின்றன.

இக்கீறல்களைத் தவறாகப் படித்தால் விளைவது யாது? 1915ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஸ்டீலோ என்னும் பண்ணைத் தொழிலாளியின் கைத்துப்பாக்கியிலிருந்தே அச்சன்னங்கள் வெளிப்பட்டனவென்று, நிபுணர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் சாட்சியமளித்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அத்துப்பாக்கியாற் சுட்டுப் பார்த்து, இருவகைச் சன்னங்களையும் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். வரிகள் பொருந்தவில்லை! 1918இல் ஸ்டீலோ விடுதலை பெற்றார்.

1925இல் நியூயோர்க் நகரில் இத்துறைக்கென ஓர் ஆய்வு நிலையம் தோன்றியது. இரு சன்னங்களை ஒரே பார்வையில் அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டி அங்கே பயன்பட்டது. இன்றும் ஆய்வாளர் நீர்த்தொட்டியினுட் சுட்டு, சிதையாத சன்னத்தை எடுத்து, சம்பவ இடத்துச் சன்னத்துடன் ஒப்பிடுகின்றனர்.

ஆயினும் முடிவு கூறுவது மனிதரே. பொருந்தாததைப் பொருந்தாதென்று சொல்லும் நேர்மை அவரிடம் இல்லையேல், எந்த அருங்கருவியும் ஓர் அப்பாவியின் உயிரைக் காக்க மாட்டாது.