கோழிக்குச் சத்துமருந்தா, சரியான தீனா?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வெளியே, காலை வேளையில் நிற்கும் கூட்டத்தில், வன்னியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய பெண்களை இலகுவில் அடையாளம் காணலாம். சில வருடங்களுக்கு முன்னர், மகனின் வழக்குத் தவணைக்காக வந்திருந்த ஒரு தாயுடன் அங்கே பேசிக்கொண்டிருந்தேன். வழக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னவர், பிறகு வீட்டில் விட்டுவந்த கோழிகளைப் பற்றியே கவலைப்பட்டார்.

"பிள்ளை, வாழ்வாதார உதவியெண்டு 25 குஞ்சு தந்தவை. இப்ப 9தான் மிச்சம். கடனுக்குச் சத்துமருந்தும் வாங்கித் தண்ணியில கலந்து குடுத்தனான். அதுவும் சரிவரேல்லை."

"என்ன தீன் போட்டனீங்கள், அம்மா?"

"தீன் மூட்டை வாங்கக் காசெங்க? மிஞ்சிற சோறும் குறுணலும்தான்."

அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. சமூகவியல் படித்த எனக்குக் கோழித்தீனைப் பற்றி எதுவும் தெரியாது. பின்னர் கேட்டும் வாசித்தும் அறிந்ததை, கோழி வளர்க்கும் சகோதரிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

கோழி காட்டித் தந்த உண்மை

விற்றமின் என்ற ஒன்று இருப்பதை உலகம் அறிய வழிகாட்டியதே கோழிதான். 1890களில் ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற வைத்தியர் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோறே அவற்றுக்குத் தீனாக இருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கொடுக்க மறுத்தார். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் தேறின. அரிசியோடு போகாமல் தவிட்டோடு போன அந்தச் சத்தே விற்றமின் பி1. இதற்காக எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

வெறும் வெள்ளைச் சோற்றில் வளரும் கோழியின் கதை நமது முற்றத்திலும் இதுதான்.

போத்தல் எப்போது தேவை?

கடையில் விற்கும் முழுமையான கோழித்தீனில் விற்றமின்களும் கனியுப்புக்களும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. அதைக் கொடுப்பவர் தினமும் சத்துமருந்து வாங்குவது வீண் செலவு. சோறும் குறுணலும் மட்டும் கொடுத்தால், குறைவது விற்றமின் மட்டுமல்ல. புரதமும் கல்சியமும் குறைகின்றன. அவற்றைப் போத்தல் மருந்து ஈடுசெய்யாது. குஞ்சுகளைத் தூரத்திலிருந்து கொண்டுவந்த நாள், கடும் வெயில், நோயிலிருந்து தேறும் காலம் ஆகியவற்றில் சில நாட்களுக்கு அது உதவும். கலந்த தண்ணீரை அன்றே முடித்து, மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும்.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022இன் டொலர் நெருக்கடியும் சேர்ந்து சோளமும் தீனும் எட்டாத விலைக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. அப்படியான காலத்தில் கையிலுள்ளதைக் கொண்டு தீனைச் சீர்செய்யலாம்:

- தவிடு பி வகை விற்றமின்களைத் தரும்.
- முருங்கையிலை, அகத்தி, கீரை வகைகள் விற்றமின் ஏ தரும். இது குறைந்தால் கண் வீங்கி நீர் வடியும், முட்டையும் குறையும்.
- காலை வெயில் பட்டால் விற்றமின் டீ உடலில் உண்டாகும். அது இல்லாவிட்டால் கல்சியம் கொடுத்தும் ஓடு மெலிந்திருக்கும்.
- சிப்பித்தூளும், அவித்து இடித்த முட்டை ஓடும் முட்டையிடும் கோழிக்குக் கல்சியம். குஞ்சுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது, சிறுநீரகம் கெடும்.
- மீன் கழிவை அவித்துக் கொடுத்தால் புரதம் கிடைக்கும். உப்பு நிறைந்த கருவாட்டுத்தலை நஞ்சாகலாம்.

பூஞ்சணம் பிடித்த சோளம், புண்ணாக்கு எதுவும் வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தது, பூஞ்சண நஞ்சேறிய நிலக்கடலைப் புண்ணாக்கினால்தான்.

குடல் கெட்டால் தீனும் வீண்

எவ்வளவு நல்ல தீன் போட்டாலும் குடல் ஆரோக்கியமாக இருந்தால்தான் அது உடலில் சேரும். கோழியின் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன. தாய்க்கோழியுடன் திரியும் குஞ்சுக்கு அவை தாயிடமிருந்தே கிடைக்கும். பொறிகருவியில் பொரித்த குஞ்சுக்கு அந்த வாய்ப்பில்லை. வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தால் குஞ்சுகளிடம் சல்மொனெல்லா கிருமி தொற்றுவது குறையும் என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 1973இல் காட்டினார்கள். இன்று தீனில் சேர்க்கப்படும் நன்மை தரும் நுண்ணுயிர்களின் பின்னணி இதுவே.

நமது கையில் இருப்பது சுத்தம். கூட்டில் பரப்பும் உமி ஈரமானால் மாற்றுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் அது சத்துக்குறைவு அல்ல, பெரும்பாலும் குடல் நோய். உடனே அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

கடையில் சத்துமருந்தோடு அன்ரிபயோட்டிக் பொடியும் சிலவேளை தருவார்கள். அது சத்து அல்ல. கோழியின் வளர்ச்சிக்காக அதைத் தீனில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தேவையின்றிக் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

குஞ்சுகளைக் கொடுத்துப் படமெடுத்துப் போவதுடன் வாழ்வாதாரம் வந்துவிடாது. அடுத்தமுறை யாராவது குஞ்சு தர வந்தால், "முதல் மூன்று மாதத்துக்குத் தீன் உண்டா? தடுப்பூசி போட்டதா? யார் வந்து பார்ப்பார்கள்?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்பது நன்றியில்லாத்தனம் அல்ல. அந்தத் தாய்க்கு அன்று இதை யாராவது சொல்லியிருந்தால், சத்துமருந்துக் கடனாவது மிஞ்சியிருக்கும்.