ஒரே டீபக்கர்தான்; லினக்ஸிலும் விண்டோஸிலும் ஏன் வேற வேற மாதிரி நடக்குது?

பாலக்காட்டுச் சித்தூரிலோ இடுக்கியின் மூணாறிலோ தமிழ் மீடியத்தில் படித்தவரா நீங்கள்? பள்ளி லேபில் உங்களுக்குப் பழக்கமானது, கேரள அரசின் 'கைட்' தரும் உபுண்டு வகை லினக்ஸாக இருந்திருக்கும். வேலைக்குப் போனதும் கையில் விண்டோஸ் லேப்டாப். லினக்ஸில் ஓட்டிய அதே ஜிடிபி டீபக்கர் இங்கே ஏன் முரண்டு பிடிக்குது?

ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு புரோகிராமை நிறுத்தும் அதிகாரம் டீபக்கருக்குக் கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம்தான் கேட்க வேண்டும். லினக்ஸில் 'பிட்ரேஸ்' வழியாகக் கேட்கும். விண்டோஸுக்குத் தனி டீபக் ஏபிஐ உண்டு. அதனால்தான் ஜிடிபி, எல்எல்டிபி இரண்டிலும் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் தனி கோட்.

ஃபங்ஷன் பெயரை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. பிரேக்பாயின்ட்டில் ஒரு த்ரெட் நின்றால், விண்டோஸ் அந்த புரோகிராமின் எல்லா த்ரெட்டையும் சேர்த்தே நிறுத்தும். லினக்ஸ் அந்த ஒன்றை மட்டும்தான் நிறுத்தும். மற்றவற்றை டீபக்கரே ஒவ்வொன்றாக நிறுத்தணும். ஒன்றை விட்டுட்டா? நின்ற த்ரெட்டை நகர்த்த பிரேக்பாயின்ட்டைக் கொஞ்ச நேரம் எடுத்து வைக்கும்போது, விடுபட்டது அந்த இடத்தை நிற்காமல் கடந்துவிடும். நீங்கள் தேடும் பக் கண்ணிலேயே படாது.

லைவ் சர்வரில் இணைத்திருக்கும்போது டீபக்கரே கிராஷ் ஆனால்? விண்டோஸ் வழக்கமாக புரோகிராமையும் சேர்த்தே முடித்துவிடும். வேண்டாம் என்றால் டீபக்கர் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். லினக்ஸ் பொதுவாக விட்டுவிடும். ஆனால் அழிக்காமல் கிடக்கும் பிரேக்பாயின்ட்டை மிதித்தால், அங்கேயும் புரோகிராம் காலி.