வீட்டை இடிக்கும் முன் சுவரின் உயரத்தை அளந்து பாருங்கள்



நம் ராசிங்காபுரத்திலும் சிலமலை, தேவாரம் பக்கத்து ஊர்களிலும் பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டுவது வருடத்துக்கு வருடம் கூடி வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய பணம், ஏலத்தோட்டத்து வேலையில் சேர்த்த பணம், நகைக்கடன் எல்லாம் சேர்த்துத்தான் ஒரு குடும்பம் இந்த வேலையில் இறங்குகிறது. கட்டுவதற்கு நல்ல கொத்தனார் யார், எந்தக் கம்பி, எந்த சிமெண்ட் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். இடிப்பதற்கு மட்டும், "ஜேசிபிக்குச் சொல்லியாச்சு, ஒரு நாள் வேலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களிலும் இடிக்கும் வேலைக்கென்று தனியாக ஒரு வரி இருப்பதில்லை. உயிருக்கு ஆபத்து அதிகம் உள்ள நாள் அந்த நாள்தான்.

அண்ணா சாலையில் நடந்தது

2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. சென்னை அண்ணா சாலையில், ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல் அருகே ஒரு பழைய கட்டடத்தை இயந்திரம் வைத்து இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் உள்பக்கம் விழாமல் நடைபாதைப் பக்கம் சாய்ந்தது. அந்த நேரம் அவ்வழியே வேலைக்கு நடந்து சென்ற ஓர் இளம்பெண் இடிபாட்டில் சிக்கி இறந்துபோனார். அவர் நம் தேனி மாவட்டம் உத்தமபாளையத்தைச் சேர்ந்தவர். அந்தக் கட்டடத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சுவர் எந்தப் பக்கம் விழும் என்பதை ஓட்டுநரால் முழுதாகத் தீர்மானிக்க முடியாது. ஆனால் விழக்கூடிய இடத்தில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ள நம்மால் முடியும். இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குள் அடக்கம்.

ஒன்றரை மடங்கு கணக்கு

கட்டடம் இடிப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 4130 என்ற விதித்தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. இயந்திரத்தால் இடிக்கும்போது சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குத் தடுப்புக் கட்ட வேண்டும் என்பது அதில் உள்ள ஒரு விதி. 10 அடிச் சுவர் என்றால் 15 அடி. 20 அடி மாடிச் சுவர் என்றால் 30 அடி.

இப்போது நம் தெருக்களை நினைத்துப் பாருங்கள். பல சந்துகளின் அகலமே எட்டு அடி, பத்து அடிதான். தெருப்பக்கச் சுவருக்கு அந்த இடைவெளி கிடைக்காது. அப்படியானால் அந்தச் சுவரில் இயந்திரம் கை வைக்கக் கூடாது. சாரம் கட்டி, ஆட்கள் மேலிருந்து வரிசை வரிசையாகக் கல்லை எடுத்து உள்பக்கம் இறக்க வேண்டும். கூலி கூடும், நாள் கூடும். அந்தச் செலவை வீட்டுச் செலவின் ஒரு பகுதியாக முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இடிப்பதற்கு முந்தைய நாள்

1. மின்வாரியத்தில் சொல்லி மின்கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரைக் கழற்றச் செய்யுங்கள். மெயினை மட்டும் அணைத்தால் போதாது. மீட்டர் வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். மின்னகம் எண் 94987 94987.

2. கேஸ் சிலிண்டரை வெளியேற்றுங்கள். தண்ணீர்க் குழாயை அடையுங்கள்.

3. பழைய செப்டிக் டேங்க், தூர்ந்த கிணறு, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அந்த இடத்தில் அடையாளக் கொடி நடுங்கள். ஜேசிபியின் எடையை அந்த மூடிகள் தாங்காது.

4. பக்கத்து வீட்டாரிடம் நேரில் சென்று தேதியைச் சொல்லுங்கள். பொதுச்சுவர் இருந்தால் இரு குடும்பத்தாரும் சேர்ந்து நின்று இப்போதுள்ள விரிசல்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சச்சரவில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். பொதுச்சுவரை ஒட்டிய பகுதியை முதலில் கையால் பிரித்து இடைவெளி விட்ட பிறகே இயந்திரம் வரவேண்டும். இதற்கு ஓர் இன்ஜினியரை அழைத்துக் காட்டுவது நல்லது.

5. அன்று குழந்தைகளையும் வயதானவர்களையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இயந்திரம் வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடும். அவர்களை விலக்குவதற்கென்றே இருவர் நிற்க வேண்டும்.

கட்டியதற்கு நேர்மாறான வரிசை

கடைசியில் கட்டியதை முதலில் எடுக்க வேண்டும். ஓடு, ரீப்பர், கைமரம், பிறகு சுவர். மண் சாந்தில் கட்டிய பழைய சுவர்கள் பெரும்பாலும் கூரையின் பாரத்தாலும் பிடிப்பாலும்தான் நிற்கின்றன. கூரையைப் பிரித்ததும் இரு பக்கத்து முக்கோணச் சுவர்கள் தனியாகிவிடும். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, "மீதி நாளைக்கு" என்று போவது ஆபத்து. ஆனி, ஆடியில் நம் பகுதியில் அடிக்கும் மேல்காற்றும், ஐப்பசி மழையில் ஊறிய மண்ணும் தனிச்சுவரைத் தள்ளிவிடும். அன்று பிரித்த கூரையின் கீழுள்ள உயரமான சுவரை அன்றே இறக்குங்கள், அல்லது முட்டுக் கொடுங்கள்.

சன்ஷேடு விஷயத்தில் பலர் ஏமாறுவதுண்டு. அது நிற்பதே அதன் மேலுள்ள சுவரின் கனத்தால்தான். மேல்சுவரை எடுத்தால் சன்ஷேடு தானாகக் கவிழும். ஆகவே கீழே முட்டுக் கொடுத்து முதலில் அதை உடைக்க வேண்டும். மாடி வீட்டில் உடைத்த இடிபாட்டை மாடித் தளத்திலேயே குவிக்கக் கூடாது. பாரம் தாங்காமல் தளம் இறங்கிவிடும். சுவரின் அடியைக் கொத்தி மொத்தமாகச் சாய்ப்பதும் கூடாது. சீக்கிரம் முடியும் என்று செய்யும் இந்த வேலையில் கொத்தியவர் ஓட நேரம் இருக்காது.

ஜேசிபி நிற்கும்போது

வாடகை மணிக்கணக்கு என்பதால் எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் பக்கெட் சுற்றும் இடத்துக்குள் சித்தாள்கள் கம்பி பொறுக்க நுழைகிறார்கள். ஓட்டுநருக்குப் பின்பக்கமும் பக்கெட்டின் மறைவும் தெரியாது. சைகை காட்ட ஒரே ஒரு ஆள் இருக்கட்டும். அவர் சொன்னால் மட்டுமே மற்றவர்கள் உள்ளே போகட்டும். சுவர் இயந்திரத்தின் கைக்கு எட்டாத உயரம் என்றால் மேல்பகுதியை ஆட்கள் இறக்கிய பின்பே இயந்திரம் தொட வேண்டும். இல்லையேல் மேலே உள்ள கல் கேபின் மீதே விழும்.

தப்பித் தவறி இயந்திரத்தின் கை மின்கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கக் கூடாது, மற்றவர்கள் அருகில் போகக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் எல்லாம்.

கை இயந்திரங்கள்

கம்பி அறுக்கும் 4 அங்குல கட்டிங் மெஷினின் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் தட்டு உடைந்தால் துண்டுகள் முகத்தை நோக்கித்தான் வரும். "இடைஞ்சல்" என்று கழற்றி வைத்த மூடியைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கண்ணாடி கட்டாயம். கைலி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா இவற்றோடு யாரும் அதைத் தொட வேண்டாம். ப்ரேக்கர் மெஷின் பிடிப்பவர் தான் உடைக்கும் தளத்தின் மீதே நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து டேப் சுற்றிய ஒயரில் கரண்டு இழுக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பாக இருக்கட்டும்.

தூசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காங்கிரீட், கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி மெல்ல மெல்ல மூச்சைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்துக்கொண்டே உடைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும். அதன் நார் புற்றுநோய் தரக்கூடியது. ஆட்களுக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை.

வேலைக்கு வருபவர்களும் நம் பொறுப்பே

ஹெல்மெட், ஷூ, கையுறை இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். வருகிறவர்கள் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுப்பது அந்தப் பதிவுதான்.

ஏதேனும் நேர்ந்தால் 108. இடிபாட்டில் ஆள் சிக்கினால் 101-க்கும் அழையுங்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். முதுகில் அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். மேலும் சுவர் விழும் அபாயம் இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வையுங்கள். போடி அரசு மருத்துவமனையும், பெரிய காயத்துக்குக் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன.

அண்டை வீட்டாரின் சுவரும், கூலிக்கு வந்தவரின் உயிரும், தெருவில் நடப்பவரின் உயிரும் அந்த ஒரு நாள் நம் கையில் உள்ள அமானிதம். இந்த வருடம் இடிக்க இருக்கும் குடும்பத்தார் ஒரு டேப்பை எடுத்துச் சுவரின் உயரத்தையும் தெருவின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் பேசுங்கள். இன்ஷா அல்லாஹ், புது வீட்டுக்குள் எல்லோரும் நலமாகக் குடிபுகுவோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்